காலை ஆறு மணிப் பதிவு

அந்தத் தீவின் கலங்கரை விளக்கம் இதுவரை ஐந்து விளக்குக்காரர்களைப் பார்த்துவிட்டது. முதல் ஆள் படியில் உருண்டு செத்தார். இரண்டாமவர் ஆளில்லாத அறையில் யாருடனோ பேச ஆரம்பித்தார். கட்டிப்போட்டுத்தான் படகில் ஏற்றினார்கள். மூன்றாமவர் முழுசாக ஓய்வு பெற்றார்; அதற்கே ஊர் மூக்கின் மேல் விரலை வைத்தது. நான்காவது ஆள் அண்ணன். கடலில் விழுந்து, காணாமல் போன மூன்றாம் நாள் பிணமாகக் கரை ஒதுங்கினார். எப்போது விழுந்தார் என்பது எவருக்கும் தெரியாது. ஐந்தாவது ஆள் அவருடைய தம்பி. பன்னிரண்டு வருஷமாக, பொழுது சாய்ந்தால் படியில் அண்ணனின் செருப்புச் சத்தம் அவனுக்குக் கேட்கிறது. பயம்தான். ஆனாலும் கதவைத் தாழ்போட மனசு வந்ததில்லை.

நாளையோடு அவன் வேலை முடிகிறது. இனி விளக்கை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். பழைய பதிவேடுகளை அலுவலகம் அள்ளிக்கொண்டு போகுமுன் அண்ணனின் கடைசி வரியை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டுமென்று அண்ணி மதியப் படகில் வந்திருந்தாள்.

எடுத்துக் கொடுத்தான். ‘காலை 6: விளக்கை அணைத்தேன். எல்லாம் நலம்.’ அண்ணி அந்த எழுத்தைத் தடவினாள்.

"முந்தின நாள் சாயங்காலம் பெரிய சண்டை, தம்பி. வாய்க்கு வந்தபடி பேசிட்டுக் கடைசிப் படகுல போயிட்டேன். என்னாலதான் விழுந்தாரோன்னு துடிச்சேன். காலையில எல்லாம் நலம்னு எழுதியிருக்காருன்னா, கோவம் ஆறிடுச்சுன்னுதானே அர்த்தம்? அப்புறம்தான் கால் தவறியிருக்கும். இந்த ஒரு வரியாலதான் இன்னும் உயிரோட இருக்கேன்."

தம்பி தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் நகர்ந்தான். மடையன், மேசைமேல் தன் பதிவேட்டைத் திறந்தபடியே விட்டுப் போனான். திரும்பி வந்தபோது அண்ணி அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். நாளைய தேதி. ‘காலை 6: விளக்கை அணைத்தேன். எல்லாம் நலம்.’ மை காய்ந்திருந்தது.

"நாளைக்கு எழுத வேண்டியதை இப்பவே எழுதிட்டீங்களா?"

"காலையில தூக்கக் கலக்கமா இருக்கும், அண்ணி. முதல் நாள் மத்தியானமே எழுதி வச்சிடுறது."

"அவருமா?"

ஒரு பொய் போதும். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் அண்ணி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க எல்லாருக்கும் அதுதான் பழக்கம்."

"அப்ப இது சண்டைக்கு முன்னாடி எழுதினது."

அவன் தண்ணீரை மேசைமேல் வைத்தான். அண்ணி அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. பேனாவை எடுத்து, நாளைய வரியை அடித்தாள். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

"நாளைக்குக் காலையில எழுதுங்க, தம்பி. உயிரோட இருந்து எழுதுங்க."