மீன்கடை வரிசையில் மேஜர் லிட்கேட்

1941-இல் இங்கிலாந்தில் எங்கள் ஹார்ல்பரி தொகுதியின் எம்.பி. காலமானார். போர் முடியும்வரை ஒரு கட்சியின் இடத்துக்கு மற்றவை போட்டி போடுவதில்லை என்று கட்சிகள் பேசி வைத்திருந்ததால், இறந்தவரின் கட்சிக்காரரான மேஜர் லிட்கேட் ஒருவர்தான் வேட்பாளர். மனிதருக்குப் பரம திருப்தி. கூட்டம் கிடையாது, வீடு வீடாகக் கதவு தட்டுவது கிடையாது.

மனுத்தாக்கல் அன்று, நகரமன்ற எழுத்தரான நான் பெயர்களைச் சரிபார்த்தேன். பத்து வாக்காளர்கள் கையெழுத்திட வேண்டும். பத்தாவது ஆளான மேஜரின் மைத்துனர் பக்கத்துத் தொகுதிக்காரர்! பன்னிரண்டு மணிக்குக் கெடு. அப்போது மணி பதினொன்று நாற்பது.

நகரமன்றத்துக்கு எதிரே மீன்கடை வாசலில் நின்ற வரிசையை நோக்கி மேஜர் ஓடினார். வாக்காளர் பட்டியலோடு நானும் ஓடினேன். வரிசையில் நின்ற டாப்ஸ்காட் அம்மாளின் பெயர் அதில் இருந்தது.

"உள்ள வந்து ஒரு கையெழுத்து போடணும்மா," என்றார் மேஜர்.

"ஒன்பது மணிலேருந்து நிக்கறேன். இடம் போச்சுன்னா மீன் நீங்க தருவீங்களா?"

"உங்க இடத்துல நான் நிக்கறேன்."

கூடையை அவர் கையில் திணித்துவிட்டு அந்த அம்மாள் என்னோடு வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவை முழுசாகப் படித்தாள்.

"எதிர்த்து நிக்கறது யாரு?"

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் என் கையெழுத்து எதுக்கு?"

"நீங்க போடலேன்னா மேஜரும் இல்ல."

அவள் முகம் மலர்ந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். "ஏங்க மேஜர்! எங்க கோழிக்கூண்டுக்கு மேல சைரனை வெச்சிருக்காங்க. நாலு மாசமா ஒரு முட்டை இல்ல. என்ன செய்யப் போறீங்க?"

வரிசை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"வெங்காயத்தைக் கண்ணால பாத்து எத்தனை மாசம் ஆச்சு!"

"பதுங்குகுழில முழங்கால் தண்ணி சார், வந்து பாத்தீங்களா?"

கூடையோடு மேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. "சைரனை மாத்திடறேன்!" என்று கத்தினார்.

"எப்போ?"

"வியாழக்கிழமை!"

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அவள் கையெழுத்திட்டாள். பன்னிரண்டுக்கு மேயர் முடிவை அறிவித்தபோது, எங்கள் புதிய எம்.பி. கடை வாசலில் இரண்டு மீன்களுக்குக் காகிதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டீங்க சார்!" என்றேன்.

"எத்தனை ஓட்டு வித்தியாசம்?" என்று கேட்டாள் டாப்ஸ்காட் அம்மாள்.

வியாழனன்று இல்லை, அடுத்த செவ்வாயன்று சைரன் இடம் மாறியது. அதோடு மேஜர் நிற்கவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை நகரமன்றத்தில் உட்கார்ந்து குறை கேட்கப்போவதாக அவரே அறிவித்தார். முதல் சனிக்கிழமை அறுபது பேர் வந்தார்கள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேருமா எனக்காக?" என்று கேட்டார். அந்தக் குரலில் பயம் கொஞ்சம், பெருமை நிறைய.