நோட்டரி ஃபியொரென்சா

ரோமில், உயிலும் பத்திரமும் எழுதித் தரும் நோட்டரி ஆவதற்கான தேர்வுக்கு ஐந்து முறைதான் வாய்ப்பு. ஃபியொரென்சாவுக்கு இது ஐந்தாவது. ஆனால் தேர்வில் எழுதச் சொல்லியிருந்த உயில் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெளியே வந்து, கூடப் படித்த இவானோவோடு காபிக் கடையில் நின்றாள்.

"உயில்ல நோட்டரி பேரு என்ன போட்ட? நான் வழக்கம்போல நம்ம கற்பனை நோட்டரி ரோமுலோ ரோமானிதான்," என்றான் அவன். "எழுதினது யாருன்னு திருத்துறவருக்குச் சொந்தப் பேரு தெரிஞ்சா தாளே செல்லாதே!"

அவள் காபியைக் கீழே வைத்தாள். வீட்டில் பயிற்சிக்கு எழுதிய பத்திரங்களில் எல்லாம், 'நோட்டரி ஃபியொரென்சா தஸ்ஸினாரியாகிய என் முன்னிலையில்' என்றுதான் தொடங்குவாள். அந்த ஒரு வரியின் ருசிக்காகத்தான் மீதிச் சட்டத்தையே மென்று விழுங்கினாள். பாழாய்ப்போன கை இன்றும் அதையே எழுதித் தொலைத்திருந்தது.

"என்னடி, நீ என்ன போட்ட?"

"என் பேரத்தான் போட்டேன்."

இவானோ வாயைப் பொத்திக்கொண்டான். சிரிப்பா, பரிதாபமா, தெரியவில்லை.

"நல்லாத்தான் சிரியேன்," என்றாள். "நோட்டரியா ஒரே ஒரு உயில் எழுதியிருக்கேன். செத்தது யாருன்னு மட்டும் கேக்காத."