டப்பாவுக்குள் இருந்த சாவி

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். என் காரில் நான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தக் கார் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

இப்போதெல்லாம் திருடர்கள் பூட்டை உடைப்பதில்லை. வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் சிக்னலை வாசலில் நின்றபடியே ஒரு கருவியால் பிடித்துக் காருக்கு அனுப்பி, நோகாமல் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து என் நிம்மதி போயிற்று. சிக்னலைத் தடுக்கும் பை ஒன்று வாங்கினேன். மாற்றுச் சாவிக்கு, மூடி இறுக்கமான ஒரு தகர டப்பா. என் வீட்டுக்காரரை அழைத்துப்போய், டப்பாவைக் கார்க் கதவருகே பிடித்துக் காட்டினேன். கதவு திறக்கவில்லை.

"பாத்தீங்களா? டப்பாக்குள்ள இருந்தா, சாவி பக்கத்துல இருக்குன்னு வண்டிக்கே தெரியாது."

"சரிம்மா, புரிஞ்சுது," என்றார். இருபது வருடமாக அவருக்கு எல்லாம் புரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு, அடுத்த மாணவியைக் கூட்டிவரக் கிளம்பினால், கார் நின்ற இடம் காலி. தரையெல்லாம் கண்ணாடித் துண்டுகள். எதிர்வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"அலாரம் கத்துச்சுங்க. அது எப்பவும் கத்துறதுதானேன்னு ஜன்னலைச் சாத்திட்டேன். கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். கண்ணாடியை உடைத்தால் உள்ளே போகலாம், சாவி இல்லாமல் எப்படிக் கிளப்பினான்? என் சாவி பைக்குள் பத்திரமாக இருந்தது. அப்போதுதான் சாக்கடை ஓரத்தில் என் தகர டப்பா மூடியில்லாமல் கிடப்பதைப் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினேன்.

"இது எப்படிங்க தெருவுக்குப் போச்சு?"

அவர் முகம் வெளுத்தது. "சீட்டுக்கு அடியில வச்சிருந்தேன். உன் சாவி எங்கயாவது தொலைஞ்சா உதவுமேன்னு..."

"தொலைஞ்சா, பூட்டின வண்டிக்குள்ள இருக்கிறதை எப்படி எடுப்பேன்?"

அதை அவர் யோசிக்கவில்லை. "நீதானே சொன்ன, டப்பாக்குள்ள இருந்தா வண்டிக்கே தெரியாதுன்னு. பூட்டிப் பாத்தேன், பூட்டுச்சு."

"வண்டிக்குத் தெரியாது. திருடனுக்குக் கண்ணு இருக்குல்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் தலையில் அடித்திருக்கலாம்.

மதியம் இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "ரெண்டு சாவியையும் ஒப்படைக்கணும்மா. சாவியை வண்டிக்குள்ள விட்டிருந்தா மட்டும் பணம் கிடைக்காது."

என் வீட்டுக்காரர் எதிரே நின்று, தொலைந்துவிட்டதென்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினார். ஆத்திரத்தில் எனக்குப் பொய்கூட வரவில்லை.

"ஒண்ணு என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு வண்டிக்குள்ள, ஒரு டப்பால இருந்துச்சு."

"வண்டிக்குள்ளயேவா? டப்பால வச்சா பத்திரம்னு யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"நான்தாங்க," என்றேன்.