தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

எங்கள் செம்பாக்கம் குடியிருப்பின் செயலாளர் தனசேகரைப் போல நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். எலிக்கு விஷம் வைக்கக் கூடாது, கூண்டு போதும் என்று போன மாதக் கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மொட்டைமாடியில் வடகம் காய்கிறது, பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன. அவரும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டுப் போய், யாருக்கும் தெரியாமல் விஷத்தைக் கருவாட்டுத் தூளில் பிசைந்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தார்.

சனிக்கிழமை காலை நான் துணி காயப்போடப் போனபோது என் நாய் லட்டுவும் கூடவே வந்தான். தொட்டிக்குப் பின்னால் எதையோ நக்கிவிட்டு, வாயெல்லாம் கருவாட்டு வாடையோடு திரும்பினான். ஒரு மணி நேரத்தில் வாந்தி. அப்புறம் கால்கள் பின்ன ஆரம்பித்தன. நாய் ஏறினால் சீட் நாறும் என்று இரண்டு ஆட்டோக்காரர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். மூன்றாமவர்தான் எங்களைக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்.

அங்கே அவசரப் பிரிவில் யாரும் எங்களைக் காக்கவைக்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன், காலில் ஊசி, சுற்றிலும் நோட்டும் கையுமாக மாணவர்கள். டாக்டர் சத்யபிரியா மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

“எலி மருந்துல பல வகை இருக்கு மேடம். ஒண்ணு ரத்தத்தை உறைய விடாது. இன்னொண்ணு வயித்துல போய் கேஸா மாறும். ட்ரீட்மென்ட் வேற வேற. பேர் தெரிஞ்சா ரொம்ப உதவியா இருக்கும்.”

மாடியில் எலி மருந்து ஏதாவது வைத்திருக்கிறதா என்று தனசேகருக்கு போன் செய்து கேட்டேன். அப்படி எதுவும் வைக்கவில்லை என்றார். மறுபடி கூப்பிட்டேன். அசோசியேஷன் எதுவும் வைக்கவில்லை என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் முறை அழுதேன். அந்த ஆளிடம் போய் அழுதேனே என்று இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அழுகை முடியும்வரை காத்திருந்து, தன் நிபந்தனையைச் சொன்னார். மறுநாள் பொதுக்குழு, செயலாளர் தேர்தல். லட்டு ஏரிக்கரையில் எதையோ தின்றுவிட்டதாக நான் முதலில் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போட்ட பிறகு மருந்துப் பாக்கெட்டின் படத்தை அனுப்புவாராம்.

“மீதி இருக்கிறதை இப்பவே நானே எடுத்துடறேன் மேடம். உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல.”

உள்ளே ஓர் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது. இவருக்கு நாற்காலி முக்கியம். நன்றாகக் கேட்டிருக்கலாம் நாலு கேள்வி. கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிப் போட்டேன். படம் வந்தது. வயிற்றுக்குள் கேஸாக மாறுகிற வகைதான். டாக்டர் படத்தைப் பார்த்த நிமிடமே மாணவர்களை விரட்டி வேலை வாங்கினார். வயிற்றைக் கழுவினார்கள், விடிய விடியப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஞாயிறு காலை லட்டு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

என் பதிவுக்குக் கீழே குழுவில் நாற்பது பேர் கும்பிடு படம் போட்டிருந்தார்கள். முதல் கும்பிடு தனசேகருடையது. பத்தரை மணிக்கு, அவரே போட்டியின்றி மறுபடி செயலாளர் ஆனார் என்ற செய்தியும் வந்தது.

பதினோரு மணிக்குக் கீழ்வீட்டு செல்வமேரி, துண்டில் சுற்றிய பூனையோடு அவசரப் பிரிவுக்குள் ஓடி வந்தாள். பூனையின் வாயில் நுரை. அது என்ன தின்றது, எங்கே போனது என்று டாக்டர் கேட்டார்.

“எங்கயும் போகல டாக்டர். இந்த அக்கா நாய் ஏரிக்கரையில தின்னுடுச்சின்னு குரூப்ல போட்டாங்க. பயந்துபோய் நேத்துலேர்ந்து வெளியவே விடல. மாடியிலயேதான் வெச்சிருந்தேன்.”

எடுத்துவிடுகிறேன் என்றாரே, எடுக்கவில்லை. நானும் ஒரு தடவை போன் போட்டு, எடுத்தீர்களா என்று கேட்கவில்லை. டாக்டரிடம் அத்தனை மாணவர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அதே மருந்து, கருவாட்டில் பிசைந்தது, தொட்டிக்குப் பின்னால், வைத்தவர் தனசேகர். டாக்டர் பூனையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

செல்வமேரி என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு நேத்தே தெரியுமாக்கா?”

தெரியும் என்றேன். அவள் விலகிப் போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

பூனை பிழைக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனதும், நடந்ததையெல்லாம் குழுவில் எழுதினேன். மாடிக்கு யாரும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்றும் எழுதினேன். அட்மின் தனசேகர்தான். மூன்று நிமிடத்தில் அதை அழித்தார். அடுத்த நிமிடம் என்னையே குழுவிலிருந்து தூக்கினார்.

அதை செல்வமேரியும் தன் போனில் பார்த்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் வந்து போனை நீட்டினாள்.

“இதுல எழுதுங்க. சீக்கிரம். அந்தாளு என்னையும் தூக்கறதுக்குள்ள பிள்ளைங்களைக் கீழ கூப்பிடட்டும்.”