தலைவரின் கை

சங்கக் கட்டடத்தில் ஒற்றை மின்விசிறிக்குக் கீழே கிடந்த தலைவரின் கதிரையில் உட்கார வேலனுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் காற்று அல்ல. அதில் இருப்பவர் கை உயர்த்தத் தேவையில்லை. படுவான்கரை மீனவர் சங்கத்தின் யாப்பில், அதன் விதிப் புத்தகத்தில், அப்படித்தான் எழுதியிருந்தது. கூட்டத்தை நடத்துபவர் வாக்களிப்பதில்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவருடைய ஒரு வாக்கு முடிவு சொல்லும். அவர் தலைவராக இருந்த பதினொரு வருடத்தில் அப்படிச் சமமாக நின்றதே இல்லை.

அவர் கடைசியாகக் கை உயர்த்தியது தொண்ணூறாம் ஆண்டில். தோளில் துவக்கு மாட்டி வந்தவர்கள் ஊரைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அழைத்து, சைக்கிள் திருத்துகிற ஒருவனை முன்னால் நிறுத்தினார்கள். இவன் காட்டிக் கொடுத்தவன் என்று நினைக்கிறவர்கள் கை உயர்த்தட்டும் என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் உயர்த்தினார்கள்; வேலனும் உயர்த்தினார். முதல் நாள் தன் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தந்தவன் என்பதைத் தவிர அவனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் அவன் வாவிக்கரையில் கிடந்தான். அதற்குப் பிறகு வெகுகாலம், கண்ணை மூடினால் அந்தக் கை தன் உடம்பை விட்டுத் தனியே எழும்பி நிற்பதாக அவருக்குத் தோன்றும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தது அவருடைய தங்கை மகன் உதயரூபனின் விவகாரம். தடைசெய்யப்பட்ட, மெல்லிய நைலோன் இழையாலான தங்கூசி வலையைப் போட்டு இறால் குஞ்சுகளை வாரிவிட்டான் என்று சிவதர்ஷன் முறையிட்டிருந்தான். தீர்மானம் நிறைவேறினால் உதயரூபனைச் சங்கத்திலிருந்து நீக்குவார்கள். அதன்பின் அவன் துறையில் தோணி கட்ட முடியாது, வாவியில் இறங்க முடியாது. வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது. அவனை வெளியே வேம்பின் கீழ் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

சொந்த மருமகனுடைய விசயத்தில் தலைவர் கதிரையில் இருக்கலாமா என்று சிவதர்ஷன் முதலிலேயே கேட்டான். எனக்குத்தான் வாக்கில்லையே, நான் இருந்தால் என்ன என்று வேலன் சொன்னார். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேசவிட்டார். கத்தியவர்களை இருத்தினார், திரும்பத் திரும்பச் சொன்னவர்களை நிறுத்தினார். அந்த வேலையை அவர் நன்றாகவே செய்தார்.

செயலாளர் அருமைநாயகம் பேனாவை நீட்டி நீட்டிக் கைகளை எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணிவிட்டு மேசைக்கு வந்தார்.

"பதினாலுக்குப் பதினாலு. இனி உங்கட கைதான், தலைவர்."

வேலனின் இரண்டு கைகளும் மேசைக்குக் கீழே இருந்தன. உயர்த்தினால் மருமகனின் சோறு போய்விடும். உயர்த்தாவிட்டால் அரைவாசிச் சங்கம் எதிரியாகிவிடும். ஆனால் அவர் அப்போது இரண்டையும் நினைக்கவில்லை. சைக்கிள் பம்பின் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னகா இது, கோயில் உண்டியலா? திறக்க நாள் பாக்கிறாரு!" என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, மண்டபம் சிரித்தது.

வேலன் கூட்டத்தை அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைத்தார். அதற்கும் யாப்பில் இடமிருந்தது.

புதன்கிழமை விடியும்போது அவர் கரைக்குப் போனார். தண்ணீர் பாலாடை போல அசையாமல் கிடந்தது. மருமகனின் தோணிக்குள் சிவதர்ஷனும் இன்னொருவனும் நின்றார்கள். கோடாலி விழுந்தது. வேலன் கரையோரச் சேற்றில் அடர்ந்த கண்ணாமரங்களுக்குப் பின்னால் நின்று, வெட்டுகளைத் தன்னையறியாமல் எண்ணினார். ஏழு. பிறகு வலையை அறுக்கிற சத்தம். அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சிவதர்ஷன் கோடாலியைக் கீழே போட்டிருப்பான் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை உதயரூபன் கட்டட வேலைக்கென்று கொழும்பு பஸ் ஏறினான். மாமனிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஞாயிறன்று கூட்டத்துக்கு அவன் மனைவி கலாஜினி வந்தாள். கையில் புருசனின் அங்கத்துவப் புத்தகம். ஆள் இல்லாததால் நீக்கும் தீர்மானம் இனித் தேவையில்லை என்று அருமைநாயகம் நிகழ்ச்சி நிரலில் ஒரு கோடு இழுத்தார். அவள் அதைப் பார்த்தபடி எழும்பினாள்.

"விடியக்குள்ள கரைக்குப் போறவர்தானே மாமா நீங்க. ஒண்டும் காணல்லியா?"

முன்வரிசையில் இருந்த சிவதர்ஷன் அவரைப் பார்க்கவில்லை. தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூட்டத்திட்டக் கேப்பம், புள்ள," என்றார் வேலன். குரல் எப்போதும் போலவே இருந்தது. "தோணிய வெட்டினத ஆராவது கண்டிருந்தா, கைய உயர்த்துங்க."

மின்விசிறி சுற்றியது. அருமைநாயகம் பேனாவை நீட்டி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எண்ண ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில், வழக்கமில்லாத வழக்கமாக, பேனா மேசைப் பக்கம் திரும்பி வேலனுக்கு நேரே நின்றது.

"தலைவருக்கு வாக்கில்ல," என்றார் வேலன். "எழுதுங்க."

செயலாளர் சுழியம் போட்டார். கலாஜினி புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். வேலன் அடுத்த விடயத்தை வாசித்தார்.