பரிந்துரைக் கடிதத்தில் ஒரு வரி

கர்ட்டிஸ் நொவிக்கி நாலே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஓட்ஸில் வெந்நீர் ஊற்றி நின்றபடியே சாப்பிட்டான். சாப்பிடும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சிறுநீரகப் படத்தின் பாகங்களை மேலிருந்து கீழாகச் சொல்லிப் பார்த்தான். இரண்டு விட்டுப்போயின. மறுபடி சொன்னான். காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கினான், துடைத்தான், புரட்டிப் படுக்கவைத்தான். ஒரு மணிக்குக் கல்லூரி.

வயது முப்பத்து நாலு. பத்து வருஷம் காப்பீட்டுக் கம்பெனிக்காக, ஆலங்கட்டி விழுந்து நசுங்கிய கார்களைப் பார்த்து அறிக்கை எழுதியவன். இப்போது அவனுக்கு பிசிஷியன் அசிஸ்டன்ட் ஆகவேண்டும். டாக்டருக்கு அடுத்தபடியாக நோயாளியைச் சோதித்து மருந்து எழுதித் தருகிற வேலை. அந்தப் படிப்புக்கு மனுப்போடவே வேதியியல், உடற்கூறியல், நுண்ணுயிரியல் என்று ஏழு பாடம் முடித்திருக்க வேண்டும். அவன் முன்பு படித்ததோ வரலாறு. அதனால் ஈரி நகரத்தின் சின்னக் கல்லூரி ஒன்றில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பதப்படுத்திய பூனையை அறுத்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, அது நரம்பு இல்ல. ரத்தக் குழாய்," என்றாள் பக்கத்தில் நின்ற ஷெல்பி.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் வெட்டினீங்களா? கண்ணு தெரியாதவங்களுக்காகத்தான் அதுக்குள்ள சிவப்பு ஊத்தி வெச்சிருக்காங்க."

ஷெல்பி இரண்டு வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவள். பிப்ரவரியில் நடந்த செய்முறைத் தேர்வில் அவளுக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. அவனுக்கு முப்பத்தெட்டு. இரண்டு பேருமே ஃபெயில். மேசைக்கு மேசை குண்டூசி குத்திய உறுப்புகள். மணி அடித்தால் அடுத்த மேசை. பாதி மேசைகளில் அவன் எதுவுமே எழுதவில்லை. மனைவி இறந்த துக்கத்தால் இல்லை. முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோபாவில் கிடந்து ஹாக்கி பார்த்திருந்தான்.

மறுதேர்வு கிடையாது என்று பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. ஷெல்பி போய்க் கேட்டாள். பேராசிரியை முடியாது என்றுவிட்டாள். "ரூல்னா ரூல்தானாம், தாத்தா. அடுத்த வருஷம் திரும்ப இதே பூனைதான்," என்று வந்து சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து அவன் போனான். அதே பேராசிரியை யோலண்டா மீக்ஸிடம், தன் மனைவி டெஸ்ஸா நுரையீரலில் ரத்தம் கட்டி இறந்து பதினாலு மாதம் ஆகிறது என்றான். அது உண்மை. கட்டிலருகே நின்ற பிசிஷியன் அசிஸ்டன்ட்டைக் காட்டி, "நீயும் இந்த மாதிரி ஆகணும்" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்றான். அது பொய். மீக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் மறுதேர்வு வைத்தாள். தொண்ணூற்றொன்று வாங்கினான். ஷெல்பியிடம் அதைச் சொல்லவில்லை.

இன்று வகுப்பு முடிந்ததும் மீக்ஸ் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அவனுக்கான பரிந்துரைக் கடிதம் கணினித் திரையில் இருந்தது. மீக்ஸின் கடிதம் இல்லாமல் இந்த வருஷம் மனு போகாது.

"உக்காருங்க, கர்ட்டிஸ். அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். உங்க மனைவி கடைசியா சொன்னத அப்படியே போட்டிருக்கேன். உங்களுக்குச் சம்மதமா?"

அவன் திரையைப் பார்த்தான். டெஸ்ஸாவின் பெயர். அதையடுத்து மேற்கோள் குறிகளுக்குள் அவன் செய்த வாக்கியம்.

"அத எடுத்திடுங்க."

"ஏன்? கடிதத்துக்கே உயிர் அந்த வரிதான். நீங்க சும்மா மார்க்குக்காகப் படிக்கிற ஆள் இல்லன்னு அதுலதான் தெரியுது."

சம்மதம் என்றால் கடிதம் போய்விடும். அந்தச் சொல் வாய்வரை வந்தது.

"அவ அப்படிச் சொல்லல, புரொபசர்."

மீக்ஸ் மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் படிக்காம வந்தேன். மறுதேர்வு கிடைக்கணும்னு அப்படிச் சொன்னேன்."

"அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் அந்தப் பொண்ண முடியாதுன்னு அனுப்பியிருந்தேன்," என்றாள் மீக்ஸ். "ஷெல்பிய."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"ஆமா."

அவள் கடிதத்தை மூடினாள். சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினாள். "மார்க் விஷயத்த டீன்கிட்ட நானே போய்ச் சொல்லணும். என் தப்பும் இருக்கு." பிறகு, கோபமே இல்லாத குரலில், "பின்ன என்னதான் சொன்னாங்க?" என்றாள்.

சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் சொன்னான். ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி. அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, என்ன ஆச்சு, என்ன செய்யறீங்க என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அழுதான். கட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டினான். டெஸ்ஸா ஆக்ஸிஜன் முகமூடியைக் கையால் விலக்கினாள். அவனிடம் பேசவில்லை. அந்த பிசிஷியன் அசிஸ்டன்ட்டிடம்தான் கடைசியாகப் பேசினாள். கர்ட்டிஸ் தாழ்வாரத்துக்குப் போய், சிப்ஸ் விற்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றான். திரும்பக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

"இவன வெளிய நிக்கச் சொல்லுங்க. இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால மூச்சு விட முடியல."