மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல்

ஸுஹைரின் ஜனாஸாவை ஆண்கள் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கியபோது, அவன் ராத்தா றஹ்மா பின்னறையைத் திறந்துகொண்டிருந்தாள். வந்திருந்த பெண்களுக்கு விரிக்கப் பாய் போதவில்லை. மிச்சப் பாய்கள் அந்த அறைக்குள் கிடந்தன. நேற்றுவரை தம்பியும் அங்கேதான் கிடந்தான்.

சுபஹுத் தொழுகைக்கு முன்னால் வெளியே போனவனைக் கடலுக்குப் போனவர்கள் தண்ணீரிலிருந்து தூக்கிவந்து முற்றத்தில் கிடத்தினார்கள். "கால் வழுக்கிட்டு" என்றார் வாப்பா. ஊரும் ஓம் என்றது. நல்ல ஊர்தான்! உயிரோடு இருந்தவனை எட்டிப் பார்க்காத ஊருக்கு, செத்த பிறகு வழுக்கின இடம்கூடத் தெரிந்திருந்தது.

ஒரு துண்டுப் பாணுக்கும் வரிசையில் நின்ற வருஷம் அது. பசி எல்லார் வீட்டிலும் இருந்ததால், ஸுஹைர் சாப்பிடாததை முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு நித்திரை போனது, கதை போனது. ஒருநாள், "ராத்தா, தலைக்குள்ள ஒரே இருட்டா இருக்கு. என்னை ஆருக்கிட்டயாவது கூட்டிப் போங்களன்" என்று கேட்டான். வாய் திறந்து கேட்டானே, பாவி!

அவனுக்குப் படிப்பித்த அருளம்பலம் மாஸ்டரும் வீடு தேடி வந்து சொன்னார். "இது பேய் பிசாசு இல்லை. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வருத்தம்தான். பெரியாஸ்பத்திரியில காட்டுங்கோ. சுணங்காதீங்கோ."

உம்மா நஜ்முன் நிஸாவுக்குத் துறையடியை நினைக்கவே பயம். பட்டணத்துக்குப் போகப் பாதைப்படகில் ஏறினால் பாதிக் கிண்ணியாவும் கூட ஏறும். எங்கே, என்னத்துக்கு என்று கேட்கும். றஹ்மாவுக்கோ சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வந்து குடியிருக்கப்போவது பெண் வீட்டில், இந்த வீட்டில்.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? கலியாணம் முடியட்டும், பிறகு காட்டுவம்" என்றாள் உம்மா.

ஓதி நூல் கட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த நாட்களில் பின்னறையைப் பூட்டினார்கள். உள்ளே இருந்தவன் இருமக்கூட இல்லை. அவ்வளவு நல்ல பிள்ளை.

பாயை விரித்து நிமிர்ந்த றஹ்மாவை, மாப்பிள்ளையின் தாய் பரீதா கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிப்போனாள்.

"உண்மையச் சொல்லு மகள். தம்பிக்கு மனசில வருத்தமா?"

றஹ்மா தலையாட்டினாள். சம்பந்தம் போனால் போகட்டும். இனிப் போவதற்கு என்ன இருக்கிறது?

பரீதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்ட ஜெமீலுக்கும் இதே வருத்தம்தான் புள்ள. சோறு இல்ல, நித்திரை இல்ல, சாகப்போறன் எண்டான். உடனே கண்டிக்குக் கொண்டுபோனம். டொக்டர் இருத்திவெச்சுக் கதைச்சார், மருந்து தந்தார். இப்ப எப்படி இருக்கான் எண்டு உனக்குத் தெரியும்தானே."

தெரியும். சற்று முன்னர் சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு போன மாப்பிள்ளை ஜெமீல்தான்.

"ஏன் மாமி எங்களுக்குச் சொல்லல்ல?"

"நீங்க பொண்ணு தரமாட்டீங்க எண்டு பயந்துட்டம்."

இந்த ஒரு சொல் போன மாதம் வந்திருந்தால் தம்பி இருந்திருப்பான். அவனும் படகேறிப் போய், மருந்து குடித்து, இந்த முற்றத்தில் நடந்து திரிந்திருப்பான்.

"சத்தமாச் சொல்லுங்க மாமி" என்றாள். "எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. இன்னும் எத்தின வீட்டில பூட்டி வெச்சிருக்காங்களோ! உம்மாக்கும் கேக்கட்டும்."

ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். எல்லா முகங்களும் மூலைக்குத் திரும்பின. "என்ன மகள்?" என்றாள் உம்மா, அழுத முகத்தோடு.

பரீதா முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"ஒண்டுமில்ல. புள்ளைக்குக் குடிக்கத் தண்ணி வேணுமாம்."

யாரோ ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். றஹ்மா அதை வாங்கிக் குடித்தாள்.